புயலுக்குப் பிறகு நாலாம் ஸ்பாட்

1. ஒரு தோட்டத்துக் கிணறு

சிங்காநல்லூரில் ஒரு பம்ப் சர்வீஸ் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பெயர் ஆறுச்சாமி. கிணற்றுக்குள் ஓடும் சப்மர்சிபிள் மோட்டார் கயிறு அறுந்து அடியில் போய்விட்டால், தண்ணீரை இறைக்காமலேயே முங்கி எடுத்துக் கொடுப்பது என் தனி வேலை. பட்டறையில் இப்போது இருக்கும் பையன்கள், "அண்ணா, நீங்க கடலுக்குள்ள போயி கம்பி நட்டீங்களாமே?" என்று அவ்வப்போது கேட்பார்கள். போனேன். அதைத்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழி மாதம். சூலூருக்குக் கிழக்கே ஒரு தோட்டத்தில் மோட்டார் விழுந்துவிட்டது என்று ஆள் வந்தது. நானும் காதர் பாயும் போனோம். காதர் பாய் உக்கடத்துக்காரர், கம்ப்ரசர் மெக்கானிக். பெயிண்ட் அடிக்கிற கம்ப்ரசரைப் பிரித்து, ஃபில்டர் மேல் ஃபில்டர் வைத்து, எண்ணெய் வாடையே இல்லாமல் சுத்தமான காற்று வருகிற மாதிரி மாற்றி வைத்திருந்தார். ஏர் ஹோஸின் ஒரு முனை அவருடைய கம்ப்ரசரில், மறுமுனை என் வாயில். என் இடுப்பில் கட்டிய கயிறு அவர் கையில் இருக்கும். ஒரு இழுப்பு என்றால் நன்றாக இருக்கிறேன், இரண்டு என்றால் கயிறு விடு, மூன்று என்றால் தூக்கு.

மோட்டாரைக் கட்டி மேலே அனுப்பிவிட்டு நான் ஏறி வந்தபோது, தோட்டக்காரரின் மகள் கிணற்று மேட்டில் நின்றுகொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தோட்டக்காரர் என்னை வா போ என்றுதான் பேசுவார். மகள் அப்படிப் பேசவில்லை.

"ஏனுங்க, அடியில ஏதாச்சும் கண்ணுக்குத் தெரியுமுங்களா?"

"ஒண்ணுந் தெரியாதுங்க அம்மணி. சேறு கலங்கிப் போயிருக்கும். கையில தடவித்தான் பாக்கறது."

"தண்ணிக்கடியில பாறையில குழி போட்டுக் கம்பி நடச் சொன்னா நடுவீங்களா?"

"போல்ட்டே நட்டிருக்கறனுங்க. எந்தக் கிணறுங்க?"

"கிணறு இல்லீங்க. கடலு."

காதர் பாய் சிரித்துவிட்டார். அந்த அம்மணி சிரிக்கவில்லை.

அவர் பெயர் வசந்தாமணி. கோவையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லித் தருகிறவர், டாக்டர் பட்டம் வாங்கியவர். தெற்கே கடலில் சின்னச் சின்னத் தீவுகளைச் சுற்றி இருக்கும் பவளப்பாறைகளை அளப்பது அவருடைய ஆராய்ச்சி. ஆறு இடங்களில் பாறையில் இரும்புக் கம்பி நட்டு, எண் தகடு மாட்டி, வருஷத்துக்கு ஒரு தடவை போய் எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று எழுதுவார். அந்த இடங்களை ஸ்பாட் என்றார். அந்த வருஷம் ஐப்பசி கடைசியில் அந்தப் பக்கம் ஒரு புயல் அடித்தது. பவளம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். போன கம்பிகளைத் தேடி, இல்லாத இடத்தில் புதிதாக நட வேண்டும்.

"அந்தப் பக்கம் சங்கு குளிக்கிறவங்க இருப்பாங்களேங்க?" என்றேன்.

"அவங்களத் தண்ணிக்குள்ள எறக்கக் கூடாதுன்னு வனத்துறை ஆபீசரு சொல்லிப்போட்டாருங்க. மீன் புடிக்கிறவங்க வெடி போட்டுப் பவளத்த ஒடச்சுப்போட்டு, பழியப் புயல் மேல போடறாங்கன்னு அவரு நெனைக்கறாரு. அப்படித்தான்னு ஆயிட்டா, அந்த ஊர்க்காரங்க ஒருத்தருமே தீவுப் பக்கம் வள்ளம் கொண்டுபோக முடியாது."

"உங்களுக்கு என்னங்க தோணுது?"

"எனக்குத் தெரியலீங்க. அதுக்குத்தான் போறோம்."

படித்தவர்கள் தெரியவில்லை என்று சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

2. முதல் முங்கு

தை மாதம் போனோம். கடல் அடங்கிக் கிடந்தது. வள்ளம் ஓட்ட மட்டும் உள்ளூர் ஆள் ஒருவரை வைத்துக்கொள்ள அனுமதி இருந்தது. அவர் பெயர் அந்தோணி. என் வயதுதான். முதல் நாளே என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டு, எனக்கு வாந்தி வராமல் இருக்கப் புளியங்கொட்டை அளவு சுக்குத் துண்டு கொடுத்து வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னார். அது வேலை செய்தது.

ஒன்றாம் ஸ்பாட்டில் ஆழம் இரண்டு ஆள் உயரம்தான். எங்கள் கிணறுகளோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. கண்ணாடி மாட்டிக்கொண்டு, இடுப்பில் ஈயக்கட்டிகள் கோத்த பெல்ட்டோடு இறங்கினேன்.

அத்தனை வருஷம் தண்ணீருக்கடியில் வேலை செய்தவன், அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் கையைத் தண்ணீருக்கடியில் பார்த்தேன். நகத்தில் இருந்த கிரீஸ் கறைகூடத் தெரிந்தது. கை நிறைய மஞ்சள் பொடியைத் தூவியதுபோலச் சின்ன மீன்கள் என்னைச் சுற்றிக் கலைந்து கூடின. நான் வந்த வேலையையே மறந்துவிட்டேன். காதர் பாய் மேலிருந்து ஒரு இழுப்பு இழுத்திருக்கிறார். பதில் இல்லை. இன்னொன்று இழுத்திருக்கிறார். பிறகு மூட்டை தூக்குகிற மாதிரி என்னை மேலே இழுத்துப்போட்டார்.

"ஏனப்பா, இருக்கியா போயிட்டியா? உம் பொண்டாட்டிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"மீனுங்க பாய்!"

"மீனப் பாக்கறதுக்கு உக்கடம் மார்க்கெட்டு போதுமப்பா."

அந்தோணி விழுந்து விழுந்து சிரித்தார்.

இரண்டாவது தடவை இறங்கியபோதுதான் பவளத்தைப் பார்த்தேன். மான்கொம்பு மாதிரி கிளைவிட்டதெல்லாம் முறிந்து கிடந்தது. குடை விரித்த மாதிரி இருக்க வேண்டியவை தலைகீழாகக் கவிழ்ந்து, மேலே பாசி படர்ந்து கிடந்தன. ஆட்டுக்கல் அளவு உருண்டைகள் பெயர்ந்து பள்ளத்தில் உருண்டிருந்தன. உடைந்ததிலும் சில துண்டுகள் தவிட்டு நிறத்தில், நுனி மட்டும் வெளுத்து இருந்தன. நுனி வெளுத்தால் அது உயிரோடு வளர்கிறது என்று டாக்டர் சொல்லித் தந்தார். மேலே மிதந்தபடியே அளவு டேப்பைப் பார்த்து, பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுதிக்கொள்வார். தண்ணீருக்குள் பென்சில் எழுதும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன். "இது கல்லுங்களா, செடியுங்களா?"

"ரெண்டும் இல்லீங்க. பூச்சி மாதிரி சின்ன உயிரு. ஆயிரக்கணக்குல சேந்து தனக்கு ஊடு கட்டுது. அந்த ஊடுதான் கல்லு."

"பாத்தா மதுக்கரைச் சுண்ணாம்புக்கல்லாட்ட இருக்குதுங்க."

"சரக்கு ஒண்ணுதானுங்க, சுண்ணாம்பு. அது பூமிக்குள்ள ரொம்பப் பழசு. இது இன்னும் கட்டிக்கிட்டிருக்குது."

3. கல் விழுந்த பக்கம்

கடலுக்கடியில் குழி போடுவது தனி வித்தை. சம்மட்டியை ஓங்கினால் தண்ணீர் பிடித்துக்கொள்ளும், அடியில் விசை இருக்காது. நீளமாக ஓங்காமல் மார்புக்கு நேராகக் குத்துகிற மாதிரி அடிக்க வேண்டும். பாறை துளைக்கும் ஜம்பர் கம்பியைத் திருப்பித் திருப்பி ஒரு சாண் குழி போட அரை மணி ஆனது. அப்படி ஒவ்வொரு குழிக்கும் முட்டி போட்டுக் கிடந்தபோது, சுற்றிலும் பார்க்க நேரம் நிறையக் கிடைத்தது.

ஒன்றாம் ஸ்பாட்டில் கவிழ்ந்ததெல்லாம் ஒரே பக்கமாகக் கவிழ்ந்திருந்தது. இரண்டிலும் அதே பக்கம். மூன்றாவதில் திறந்த கடலைப் பார்த்த முகம் தேய்த்துப்போட்ட மாதிரி இருந்தது. தீவின் மறைவில் இருந்த பக்கத்தில் மான்கொம்புகள் முறியாமல் நின்றன.

என் அப்பா தோட்டக் கிணறுகளுக்கு வெடி வைத்தவர். பன்னிரண்டு வயதில் இருந்து அவர் வெடித்த கல்லை நான் கூடையில் சுமந்திருக்கிறேன். வெடி வைத்த இடத்துக்கு ஒரு நடு இருக்கும். நடுவில் கல் மாவாகும். தள்ளிப் போகப் போகத் துண்டு பெரிதாகும். விரிசல் நட்சத்திரம் மாதிரி நாலு பக்கமும் ஓடும். இந்த மூன்று ஸ்பாட்டிலும் நடு என்று ஒன்று இல்லவே இல்லை.

டாக்டரிடம் சொன்னேன். அவர் பென்சிலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இத இத்தன நாளா ஏனுங்க சொல்லல?"

"நீங்க கம்பிதானுங்க நடச் சொன்னீங்க."

அன்றிலிருந்து எனக்கும் ஒரு பலகை கொடுத்தார். கையில் கட்டிக்கொள்ள ஒரு காம்பஸ். ஒவ்வொரு ஸ்பாட்டிலும் கவிழ்ந்த பவளம் எந்தத் திசையில் கிடக்கிறது என்று நான் கோடு போட்டுக் கொண்டுவர வேண்டும். எட்டாம் வகுப்போடு பென்சிலை விட்டவன், நாற்பத்திரண்டு வயதில் மறுபடி பிடித்தேன்.

4. நீரோட்டம்

நாலாம் ஸ்பாட்டுக்குப் போகலாம் என்றால் அந்தோணி தட்டிக் கழித்தார்.

"அங்க நீரோட்டம் சாஸ்தி அண்ணாச்சி. ஹோஸு அத்துரும். அஞ்ச முடிச்சிட்டு வருவோம்."

ஐந்து முடிந்தது. ஆறும் முடிந்தது. இரண்டிலும் அதே கதைதான். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தன. ஏழாம் நாள் வேறு வழியில்லாமல் நாலுக்குப் போனோம்.

இறங்கியதும் காம்பஸை எடுத்தேன். முதலில் கிடந்த பெரிய துண்டுகள் மற்ற ஸ்பாட்டுகளைப் போலவே ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. கொஞ்சம் தள்ளி, வண்டிச் சக்கரத்தைக் கிடத்திய அகலத்தில் ஒரு பள்ளம். அதன் நடுவில் பவளம் ரவை மாதிரி நொறுங்கி இருந்தது. விளிம்பில் விரல் அளவுத் துண்டுகள் நாலு பக்கமும் தெறித்திருந்தன. ஓரத்தில் இருந்த ஆட்டுக்கல் உருண்டை ஒன்றில் விரிசல் நட்சத்திரமாக ஓடியிருந்தது. புயல் தள்ளிக்கொண்டு வந்த துண்டுகள் அந்தப் பள்ளத்துக்குள்ளும் விழுந்து கிடந்தன. முதலில் வெடி, பிறகுதான் புயல். எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். என் ஹோஸ் நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் அசையவே இல்லை.

மேலே வந்தேன். அந்தோணி வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"நீரோட்டம் இழுத்துதா அண்ணாச்சி?"

"இல்லீங்க. தண்ணி சும்மா நிக்குது."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நங்கூரத்தை இழுத்துப்போட்டு வள்ளத்தைக் கிளப்பினார்.

சாயங்காலம் நான் ஹோஸை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து குந்தினார்.

"நானும் எம் மச்சானும்தான். ஆனி மாசம். ரெண்டு மாசமா வலையில ஒண்ணும் படல. வெடி போட்டா ஒரு நிமிசத்துல வள்ளம் நெறையும்னு ஒருத்தன் சொன்னான். போட்டோம். மெதந்தது பாதி, அடியில போனது பாதி. அத எடுக்க நாந்தான் முங்குனேன். கீழ பாத்ததுக்கப்புறம் வெடியத் தொடல அண்ணாச்சி, மாதா சத்தியமா." கொஞ்சம் நிறுத்திக் கேட்டார், "எழுதிருவியளா?"

"எழுதறது டாக்டரம்மாங்க. நான் கண்டதச் சொல்ற ஆளு."

"சொன்னா அந்த ஆபீசரு ஊரே வெடி போட்டதா எழுதிருவாரு. எங்க ஊர்ல மத்தவன் எவனும் போடல. நான் பண்ணுனதுக்கு அவனுவ வள்ளத்தக் கட்டிப்போட்டா..."

எழுந்து போய்விட்டார்.

ராத்திரி எனக்கு ஒரே யோசனை. நாலாவதைச் சொல்லாமல் விட்டால் என்ன? மற்ற ஐந்தும் புயல்தான், அதில் பொய்யே இல்லை. ஊரும் தப்பிக்கும், அந்தோணியும் தப்பிப்பார். காதர் பாயிடம் சொன்னேன். அவர் ஃபில்டர் பஞ்சைப் பிழிந்து காயப்போட்டபடியே சொன்னார்:

"நாளைக்கு இன்னொருத்தன் எறங்கி நாலப் பாத்துப்போட்டான்னு வெச்சுக்க. அப்பறம் உன்ற அஞ்சையும் எவன் நம்புவான்? ஊருக்காரங்களுக்கு இருக்கற ஒரே சாட்சி நீதானப்பா."

டாக்டரிடம் பள்ளத்தைச் சொன்னேன், அந்தோணி சொன்னதைச் சொல்லவில்லை. பள்ளம் நான் கண்டது. மற்றது அவர் சொல்ல வேண்டியது என்று பட்டது.

5. கண்ணாடிப் பெட்டி

இரண்டு நாள் கழித்து ஆபீசர் வந்தார். டாக்டர் சொல்லி முடிக்கும் முன்பே, "வெடி இருக்குல்ல? நான் சொன்னது சரிதான்," என்றார்.

"ஒரு எடத்துல இருக்குதுங்க சார். அஞ்சுல இல்லீங்க," என்றேன்.

"நீ என்ன படிச்சிருக்க?"

"எட்டாவதுங்க. ஆனா வெடிச்ச கல்லத் தூக்கியே வளந்தவனுங்க. நீங்களே வந்து பாத்துப்போடுங்க."

அவருக்கு நீச்சல் தெரியாது. பலகைப் பெட்டியின் அடியில் கண்ணாடி பதித்து, ஓரத்தை மோட்டார் சீல் வைக்கும் ரப்பரால் அடைத்துக் காதர் பாய் ஒன்று செய்து வைத்திருந்தார். அதை வள்ளத்திலிருந்து தண்ணீரில் அழுத்திப் பார்த்தால் அடி தெளிவாகத் தெரியும். முதலில் இரண்டாம் ஸ்பாட்டுக்குப் போனோம். நான் கீழே இறங்கி, கவிழ்ந்த ஒவ்வொன்றின் மேலும் கையை வைத்து அது சாய்ந்த திசையைக் காட்டினேன். பிறகு நாலாம் ஸ்பாட். பள்ளத்தின் நடுவில் நின்று சுற்றிலும் கையை வீசிக் காட்டினேன்.

மேலே ஏறி வந்தபோது ஆபீசர் இன்னும் பெட்டிக்குள்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் பார்த்தார். தலை நிமிர்ந்தபோது அவர் குரல் மாறியிருந்தது.

"ரெண்டும் வேறதான்," என்றார். "ஆனா இது யாரு செஞ்சது?"

அந்தோணி மோட்டாரை அணைத்தார்.

"நான் சார். நானும் எம் மச்சானும். ஊருக்குத் தெரியாது. ஊர விட்டுருங்க."

டாக்டரின் அறிக்கையில் ஐந்து ஸ்பாட் புயல் என்றும், ஒன்று வெடிக்குப் பிறகு புயல் என்றும் வந்தது. யார் போட்ட வெடி என்ற விஷயம் அறிக்கையில் இல்லை, அது ஆபீசரின் ஃபைலுக்குப் போனது. ஊர்மேல் தடை வரவில்லை. அந்தோணியின் வள்ளத்தைப் பிடித்து வைத்தார்கள், கேஸ் நடந்தது. அந்த வருஷம் முழுக்க அவர் அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்குப் போனார். மச்சான் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். நான் கோவைக்கு வந்த பிறகும் அந்தோணியின் முகம் என்னை விடவில்லை. சரியாகத்தான் செய்தேன் என்று தெரியும். தெரிந்தும் மனசு ஆறவில்லை.

6. மறு வருஷம்

அடுத்த தை மாதம் மறுபடி அளக்கப் போனோம். துறையில் வள்ளத்தோடு நின்றவர் அந்தோணி. வள்ளம் திரும்பக் கிடைத்திருந்தது; உள்ளூர் ஆட்களைத் தண்ணீரில் இறக்கக் கூடாது என்பதையும் ஆபீசர் எடுத்துவிட்டிருந்தார். அவரே மடியிலிருந்து சுக்குத் துண்டை எடுத்து நீட்டினார்.

ஒன்றாம் ஸ்பாட்டில் நான் திகைத்துப் போனேன். போன வருஷம் முறிந்து கிடந்த மான்கொம்பு ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், வரவில்லை. விழுந்த இடத்திலேயே அடிப்பாறையோடு ஒட்டிக்கொண்டு, விரல் நீளத்துக்குப் புதுக் கொம்புகள் விட்டிருந்தது. அப்படி ஒன்றில்லை, நிறைய இருந்தன. செத்தவையும் ஏராளம். ஆனாலும் புயல் முறித்துப்போட்டதில் ஒரு பங்கு தானாகவே நட்டுக்கொண்டிருந்தது.

நாலாம் ஸ்பாட்டின் பள்ளத்தில் ஒன்றுமே இல்லை. போன வருஷம் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. மேலே வந்து டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தோணி இடையில் புகுந்தார்.

"அண்ணாச்சி, அந்த ஹோஸக் குடுங்க. நான் ஒருக்கா பாக்கணும்."

காதர் பாய் அவர் இடுப்பில் கயிறு கட்டி, இழுப்புக் கணக்கைச் சொல்லி இறக்கிவிட்டார். மூச்சடக்கி முங்கியே பழகியவர். அத்தனை நேரம் கீழே இருப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒழுங்காகப் பதில் வந்தது. மேலே வரத்தான் இல்லை. கடைசியில் வந்தவர், கண்ணாடியைக் கழற்றியதும் சொன்னார்:

"பொடிக்கல்லு உருண்டுக்கிட்டே கெடக்கு. அது மேல என்னத்த ஒட்டும்? டாக்டரம்மா, பெரிய கல்லா நாலு போட்டு, உருளாம வெச்சா வளருமா?"

"தெரியலீங்க," என்றார் டாக்டர். "வெச்சுப் பாத்தாத்தான் தெரியும். ஆனா பள்ளத்துல பாதிக்கு மட்டும் வெப்போம். மறுபாதிய அப்படியே உட்டுப்போடணும்."

"ஏன் பாதி?"

"இல்லீன்னா வளந்தது நம்ம வெச்ச கல்லாலயா, தானாவான்னு எப்படிங்க கண்டுபுடிக்கறது?"

ஆபீசரிடம் எழுதி அனுமதி வாங்கினார். நாங்கள் மூன்று பேரும் நாலு நாள் கல் இறக்கினோம். அந்தோணி கீழே, நான் கீழே, கயிற்றில் காதர் பாய். உயிரோடு உதிர்ந்து கிடந்த பவளத் துண்டுகள் பதினொன்றைப் பொறுக்கி வந்து அந்தக் கற்களில் கட்டினோம். அதற்கடுத்த வருஷம் நான் போகவில்லை, அமராவதி அணையில் மதகு வேலை வந்துவிட்டது. டாக்டர் போய்வந்து பட்டறைக்கு ஃபோன் செய்தார். பதினொன்றில் நாலு பிடித்திருந்தது. கல் வைக்காத பாதியில் தானாக ஒன்றுகூட வளரவில்லை.

பட்டறைப் பையன்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். எரிந்த மோட்டார் வந்தால், திறப்பதற்கு முன்பே ஜாப் கார்டில் 'லோ வோல்டேஜ்' என்று எழுதிவிடுகிறீர்கள். எழுதாதீர்கள். திறங்கள், சுருள் எந்தப் பக்கம் கருகியிருக்கிறது என்று பாருங்கள். நாம் வைத்த சீல்தான் போயிருக்கிறது என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள், வேண்டியவர் கை வேலையாக இருந்தாலும் எழுதுங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். அதற்காக யாரும் உங்களை வேலையை விட்டுத் தூக்கமாட்டார்கள். நான் அப்படி எழுதித்தான் முப்பது வருஷம் ஓட்டினேன்.